சும்மா கத்தாது

அந்த அக்கா ஒரே ஒரு தரம் ‘சரி, போகட்டும்’ என்று சொல்லியிருந்தால், பல நாள் நாங்கள் பொழுதோடு வீடு போய்ச் சேர்ந்திருப்போம். சொல்ல மாட்டார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

இப்போது நான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். இங்கே திரையில் வார்னிங்குகள் மஞ்சள் மஞ்சளாக ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன வாரம், “இதெல்லாம் என்ன சார்?” என்று கேட்டார். “அது அப்படித்தான் வரும், கண்டுக்காதீங்க” என்றார் பக்கத்து சீட்டுக்காரர். எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பூராவும் வேலை ஓடவில்லை.

இராமநாதபுரத்தில் எங்கள் ஆபீஸ் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மொத்தம் நாலே பேர். முதலாளியை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம், நாங்கள் ஏன் கெடுக்க வேண்டும்? தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போட்டு அணைக்கிற ஒரு பெட்டியைச் செய்து விற்றோம். கிணற்றில் தண்ணீர் வற்றினால் பெட்டி தானே மோட்டாரை நிறுத்திவிட்டுக் கத்தும். உச்சிப்புளியிலிருந்து வந்துபோகும் நான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டைப் பார்த்துக்கொள்வேன். ஊர் ஊராகப் போய் அதை மாட்டிவிட்டு வர ஒரு எலெக்ட்ரீஷியன் அண்ணன். பெட்டிக்கு மூளை வைப்பது, அதாவது புரோகிராம் எழுதுவது, அக்கா. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் முதல் நாளே நான் அவருக்குத் தம்பியாகிவிட்டேன்.

தினமும் சிக்கல் என்கிற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை, அதற்குள் எப்போதும் முண்டு மிளகாய்த் துவையல். அவர் டப்பாவைத் திறந்தால் கீழே ஜெராக்ஸ் கடையில் நிற்பவர்கள் தும்முவார்கள். அந்தத் துவையலை ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நான் தண்ணீர்ப் பானைக்கு ஓடுவதைப் பார்க்க அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த வார்னிங் விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நாம் எழுதுகிற புரோகிராமை எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பதற்கு கம்பைலர் என்று ஒன்று உண்டு. தப்பாக எழுதியிருந்தால் மாற்ற மாட்டேன் என்று நின்றுவிடும். தப்பில்லை, ஆனால் சந்தேகமாக இருக்கிறது என்றால், மாற்றிக் கொடுத்துவிட்டு ஒரு மஞ்சள் வரியில் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்புதான் வார்னிங். அதில் பலதும் வெறும் பொய். உலகத்தில் பாதிப் பேர் அதைப் படிப்பதில்லை.

அக்கா படிப்பார். படித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். எழுதியதை ஒரு பிரதி எடுத்து, அதில் பாதியை வெட்டிவிட்டுப் பார்ப்பார். வார்னிங் இன்னும் வருகிறதா? வந்தால் அதிலும் பாதியை வெட்டுவார். வராவிட்டால் வெட்டியதைத் திரும்ப ஒட்டி, மற்ற பாதியை வெட்டுவார். தலையில் பேன் பார்க்கிற மாதிரி, வகிடு வகிடாக எடுத்துக்கொண்டே போவார். கடைசியில் அஞ்சாறு வரி மிச்சம் இருக்கும். அதற்குள்தான் அது ஒளிந்திருக்கும்.

“பொய் வார்னிங்தானே அக்கா, விடுங்களேன்” என்பேன்.

“பொய்னா பொய்தான் தம்பி. எதனால பொய் சொல்லுதுன்னு சொல்லு, விட்டுருதேன். அது சும்மா கத்தாது.”

ஒருமுறை, தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற இடத்தில் ஒரு வார்னிங். மட்டம் என்னவென்று தெரியாமலே நீ மோட்டாரைப் போட்டுவிடக்கூடும் என்று கம்பைலர் பயந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீரை அளக்கிற சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த இடத்துக்கே வருவோம். ஆனால் அதைப் பார்க்கிற வேலையை வேறொரு ஃபைலில் எழுதியிருந்தார் அக்கா. இதைக் கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால், யாரோ தொலைத்த மூக்குத்தியை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

“பாத்தியா? அது நிக்கிற எடத்துல இருந்து அதுக்கு அம்புட்டுதான் தெரியும். அங்கன நாம கதவைப் பூட்டி வச்சிருக்கோம்னு அதுகிட்ட யாரு சொன்னா? பாவம், அது பாட்டுக்குப் பயந்துக்கிட்டுக் கெடக்கு.”

கம்பைலரைப் பாவம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஆபீசோடு நின்றால் பரவாயில்லை. அவர் வருகிற பஸ்ஸில் டிரைவருக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு சதா எரிந்துகொண்டிருந்ததாம். கண் கூசுகிறது என்று டிரைவர் அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தார். அக்கா விடுவாரா? முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்த நாளிலிருந்து எரிகிறது, மழையில் எரிகிறதா, வெயிலில் எரிகிறதா, கதவைச் சாத்தினால் அணைகிறதா என்று தினமும் ஒரு கேள்வி. கண்டக்டர், “யக்கா, டிக்கட்டுக்குச் சில்லறை குடுங்க, அது போதும்” என்றாராம். ஒரு நாள் டிரைவரே பொறுக்காமல் பணிமனையில் காட்டியிருக்கிறார். பின்பக்கக் கதவில் ஒரு வயர் நைந்து போய் உரசிக்கொண்டிருந்தது. வண்டிக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அந்த டிரைவர் அக்காவுக்காக ரெண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைப்பார். பொட்டு மட்டும் அங்கேயே இருந்தது என்று அக்கா சிரித்தார்.

ஆபீஸ் நேரத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் போன் வரும். எல்லாமே ஒரே ஆளிடமிருந்து. அக்காவுடைய அய்யா, அதாவது அவர் அப்பா. அம்மா முன்னமே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அய்யா மிளகாயும் பருத்தியும் போட்டு நன்றாக வாழ்ந்த மனிதர். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த நினைவு அந்த வருஷம் வேகமாகக் கழன்றுகொண்டு வந்தது. பகலில் பக்கத்து வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்துக்கொள்வார். ஒரு பட்டனை அமுக்கினால் அக்காவுக்குப் போகிற மாதிரி ஒரு போனை அவர் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார் அக்கா. அய்யாவுக்கு ஒரு காது மந்தம். அதனால் அவர் கத்திப் பேசுவார். அக்கா ரெண்டு கையாலும் டைப் அடித்துக்கொண்டே பேச வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். ஆகவே சிக்கலில் அவர்கள் வீட்டில் நடப்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

“ஆத்தா, மாடு கயித்தை அத்துக்கிட்டுப் போயிருச்சு.”

அந்த வீட்டில் மாடு இருந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

“எந்தப் பக்கம் போச்சு அய்யா?”

“கம்மாய்ப் பக்கம். மணிச் சத்தம் கேட்டுச்சு.”

“இப்பக் கேக்குதா?”

“இல்ல. தேஞ்சு போச்சு.”

“சரி, நீங்க வாசல்லயே இருங்க. ஆளு அனுப்பியிருக்கேன், பிடிச்சுக் கட்டிருவாக.”

போனை வைத்ததும் நான், “மாடே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்ல அக்கா” என்றேன்.

“மாடு இல்லைன்னு எனக்குத் தெரியும். அவருக்கு மணி கேட்டுச்சே.”

மறுநாள் அதே நேரத்தில் அதே போன். அதற்கு மறுநாளும். அக்கா சித்தியிடம் விசாரித்தார், எதிர்வீட்டில் விசாரித்தார். லீவு நாளில் வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் பஞ்சு மிட்டாய் விற்கிறவர் மணியடித்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போகிறார். திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து பையைக் கூட வைக்காமல், “தம்பி, மணி நெசம்” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஞ்சு மிட்டாய்க்காரரை மணியடிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது அவர் பிழைப்பு. அய்யாவுக்கு ஒரு பாக்கெட் தினமும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி ஏற்பாடு செய்தார். அதன் பிறகு மாடு ஓடவில்லை.

அந்த வருஷம்தான் எம்.டி. ஒரு நாள் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பெட்டி விற்பது போதவில்லை. சாயல்குடியில் மோட்டார், பைப் எல்லாம் விற்கிற ஒரு பெரிய டீலர் நம் பெட்டியை எடுத்துக்கொண்டால் இந்த ஆபீஸ் இங்கே நிற்கும். இல்லையென்றால் மாடியைக் காலி செய்துவிட்டு, கோயமுத்தூரில் அவர் சிநேகிதர் கம்பெனியோடு சேர்ந்துவிட வேண்டியதுதான். “உங்க எல்லாருக்கும் அங்க வேலை இருக்கு, பயப்பட வேணாம்” என்றார்.

நான் பயப்படவில்லை. எலெக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் பயமில்லை. அக்கா மட்டும் சாப்பாட்டுப் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருஷம் அய்யாவை இராமநாதபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தவர் அவர். அய்யாவுக்கு அந்த வீட்டில் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் வேறு யாரோ வீடு மாதிரி இருந்திருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிட்டார். சிக்கல் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். அங்கே அடுப்படிக்கு எத்தனை எட்டு என்று அவர் காலுக்குத் தெரியும். அவரைக் கோயமுத்தூர் கொண்டுபோக முடியாது. அவரை விட்டுவிட்டு அக்காவும் போக முடியாது. இராமநாதபுரத்தில் இந்த வேலைக்கு இன்னொரு ஆபீஸ் கிடையாது.

டீலருக்காகப் பெட்டியில் புதுச் சிப் போட்டோம். புதுச் சிப்புக்குப் புதுக் கம்பைலர். அது வந்த அன்றைக்கு அக்கா பட்டனைத் தட்டினார். திரை பூராவும் மஞ்சள். மேலே போய்க்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. பழைய கம்பைலர் கண்டுகொள்ளாத எல்லாவற்றையும் இது ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியது.

எம்.டி. வந்து பார்த்தார். “பெட்டி ஓடுதுல்ல?”

“ஓடுது சார்.”

“எல்லா வார்னிங்கையும் அமத்தி வைக்க ஒரு ஸ்விட்ச் இருக்காம்ல? அதைப் போட்டு விடுங்க மேடம். டீலர் வரப்போறாரு.”

“இருக்கு சார். போட்டா எல்லாம் அமந்துரும். நாளைக்கு நெசமா ஒண்ணு வந்தாலும் அமந்துரும். கொஞ்சம் டைம் குடுங்க, பாத்துருதேன்.”

எம்.டி. கெட்டவர் இல்லை. ஆனால் கழுத்துக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்த நேரம். “மேடம், இந்த ஆபீஸ் இங்க இருக்கணும்னு எல்லாரையும் விட ஆசைப்படுறது நீங்க. இழுத்தடிக்கிறதும் நீங்க. எனக்குப் புரியல” என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் புரியவில்லை. அவர் போனதும் கேட்டேவிட்டேன். “ஏங்க்கா, ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா அய்யாவை என்ன செய்வீங்க?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியல தம்பி. அதை நெனச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. அதுக்காக இதை மூடி வச்சுட்டு ஒருத்தர் தோட்டத்துக்கு எப்படி அனுப்ப? எங்கூர்ல முன்னாடி ஒரு கம்பெனி பொட்டி மாட்டுனாக. அது வேளை கெட்ட வேளையில பொய்யா கத்தும். ஒருத்தரு தோட்டத்துப் பருத்தியவே பிச்சு அது சத்தம் போடுற ஓட்டையில அடைச்சாரு. அவரைப் பாத்து ஊரே அடைச்சுச்சு. பெறகு நெசமாத் தண்ணி வத்துனப்ப யாருக்குக் கேக்கும்? வரிசையா மோட்டார் கருகிப் போச்சு. மொதல்ல பருத்தி அடைச்சது எங்க அய்யாதான்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கூட உட்கார்ந்தேன். எனக்குப் புரோகிராம் அவ்வளவாக வராது. ஆனால் அவர் வெட்ட வெட்ட, எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாமே. டம்ளர் டம்ளராக டீ குடித்தோம் என்று சொல்ல ஆசை. அக்கா டீ குடிக்க மாட்டார். நான் குடித்தேன். நடுவில் அய்யா போன் செய்வார். பழைய மாட்டுக் கொட்டத்தில் யாரோ நிற்கிறார்கள் என்பார், அது கொடியில் காய்கிற வேட்டியாக இருக்கும். அடுப்பில் பால் பொங்கிவிட்டது என்பார், அது எதிர்வீட்டில் குக்கர் போட்ட சத்தமாக இருக்கும். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, அடுத்த மஞ்சள் வரியைத் தொடுவார். ரெண்டுக்கும் ஒரே குரல்தான்.

டீலர் வருகிற நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் திரை சுத்தமாகியிருந்தது. ஒவ்வொன்றும் பொய்தான். ஒன்றுகூட நிஜமில்லை. சிலது அக்கா எழுதிய விதத்தால் வந்த பொய். அதை மாற்றி எழுதினார். ஒன்றிரண்டு கம்பைலர் செய்தவர்களின் குறை. அங்கே வேறு மாதிரி எழுதிவிட்டு, அந்த வார்னிங்கைக் கிளப்பிய அஞ்சாறு வரியை மட்டும் வெட்டியெடுத்து, எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற அவர்களுக்கே மரியாதையாக அனுப்பி வைத்தார்.

எம்.டி.க்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “அப்ப அன்னைக்கே அமத்தியிருந்தாலும் இதே பெட்டிதானே மேடம்?”

“இதே பொட்டிதான் சார். ஆனா இப்ப நான் நிம்மதியாத் தூங்குவேன்” என்றார்.

டீலர் மத்தியானம் மூணு மணிக்கு மேல்தான் வந்தார். கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கவே நேரமானது. ஒரு அண்டாவில் தண்ணீர் விட்டு, சின்ன மோட்டாரைப் போட்டுக் காட்டினோம். தண்ணீர் இறங்கியது, மோட்டார் நின்றது, பெட்டி கத்தியது. டீலர் தலையாட்டிவிட்டு, நாங்கள் எதிர்பாராத நேரத்தில் கையை நீட்டி சென்சார் வயரைச் சுண்டிப் பிடுங்கிவிட்டார். எனக்கு உயிர் போய் வந்தது. பெட்டி பொய்யாக ஒரு தண்ணீர் மட்டத்தைக் காட்டவில்லை. ‘சென்சார் இல்லை’ என்று காட்டி மோட்டாரை நிறுத்திக்கொண்டது. அக்கா கதவைப் பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னாரே, அந்த இடம்தான் அது.

“ஏம்மா, இது சும்மா சும்மா கத்துமா?” என்றார் டீலர். “எங்க பக்கம் சும்மா கத்துறதைப் பிடுங்கி வரப்புல எறிஞ்சுருவானுக.”

எம்.டி. ‘கத்தவே கத்தாது’ என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். “என்னைக்காச்சும் கத்தும்ண்ணே. அப்ப எனக்கு ஒரு போன் போடுங்க. எதுக்குக் கத்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லாம வைக்க மாட்டேன்.”

எம்.டி. முகம் வெளுத்துவிட்டது. டீலர் அக்கா பக்கம் திரும்பினார். பிறகு, “போன் எடுப்பீகளா?” என்று கேட்டார்.

“எடுப்பேன்.”

“அது போதும்” என்றவர் அங்கேயே பேசி முடித்துவிட்டுத்தான் படி இறங்கினார். ஆபீஸ் இங்கேயே இருக்கும். யாரும் கோயமுத்தூர் போக வேண்டாம்.

எம்.டி. தானே கீழே போய்ச் சூடாக ஜிலேபி வாங்கி வந்தார். “மேடம், உங்களுக்குத்தான் மொதல்ல” என்று அக்கா கையில் ஒன்றைக் கொடுத்தார். அக்கா அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். கண் நிறைந்திருந்தது. “எங்க அய்யா வீட்டுலயே இருந்துக்கிடுவாருல்ல தம்பி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். “இருப்பாருக்கா” என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

அப்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அலோ, யாருங்க பேசுறது?” அய்யாவின் குரல். எப்போதும் வருகிற ‘ஆத்தா’ இல்லை.

அக்கா, “சொல்லுங்க அய்யா” என்றார்.

“தாயி, நீங்க யாருன்னு தெரியல. இந்தப் பட்டனை அமுக்குனா யாராச்சும் எடுப்பாகன்னு சொன்னாக. எம் மகளைக் காணோம் தாயி. பள்ளிக்கூடம் விட்டு எல்லாப் பிள்ளைகளும் போயிருச்சு. எம் பிள்ளை இன்னும் வரல.”

எம்.டி. ஜிலேபிப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டார். நான் அக்காவைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கீழே ரோட்டில் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகப் பிள்ளைகள் ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சிக்கலிலும் இந்நேரம் அவர் வாசலைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

அக்கா போனை வாய்க்குக் கிட்டே எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார். அதே குரல்தான், கொஞ்சம் மெல்லியதாக இருந்தது.

“என்ன சட்டை போட்டிருந்தா அய்யா?”

“வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. ரெட்டைச் சடை. நாந்தேன் பின்னி விட்டேன், கோணலா இருக்கும்.”

“ஆமா, பாத்தேன். கோணச் சடைதான். இங்கன எங்கூடத்தான் இருக்கா. நல்லாருக்கா அய்யா.”

“இருக்காளா?”

“இருக்கா. நானே பஸ்ஸுல கூட்டிட்டு வாரேன். கதவைப் பூட்டிறாதீக.”

“பூட்டல தாயி, நல்லாருப்பீக.” அய்யா மூச்சு வாங்குவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. “அவ பசி தாங்க மாட்டா. யாரு குடுத்தாலும் கூச்சப்பட்டு வாங்க மாட்டா. ஏதாச்சும் திங்கக் குடுத்துக் கூட்டியாங்க தாயி.”

அக்கா கையிலிருந்த ஜிலேபியைப் பார்த்தார். வாயில் வைத்துக் கடித்தார்.

“சாப்பிடுறா அய்யா” என்றார். “இந்தா, சாப்பிடுறா.”